நத்தை ஆற்றுக்கு வந்த ஆமை

மலேசியாவின் பேரா மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே, கோலகங்சார் போகும் வழியில் இருக்கிறது எங்கள் சுங்கை சிப்புட். மலாயில் சுங்கை என்றால் ஆறு, சிப்புட் என்றால் நத்தை. லண்டனில் 1884இல் தொடங்கி இன்றும் இயங்கிவரும், படிப்படியான சோஷலிசம் பேசும் ஃபேபியன் சங்கத்தின் சின்னம் ஆமை. நத்தைக்கும் ஆமைக்கும் முடிச்சுப் போட நான் ஜோதிடன் இல்லை. ஆனாலும் அந்த ஆமை ஊர்ந்து ஊர்ந்து எங்கள் பக்கத்துத் தீம்பார்கள், அதாவது ரப்பர்த் தோட்டங்கள், வரைக்கும் வந்து சேர்ந்தது. வந்தபோது அதன் பெயரை யாரும் சொல்லவில்லை. ‘சங்கச் சட்டம்’, ‘கூட்டு ஒப்பந்தம்’ என்ற பெயர்களில்தான் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்றவர்கள் அதை அறிந்தார்கள்.

இப்படிப்பட்ட சங்கங்களைச் ‘சிந்தனைக் குழாம்’ என்று இப்போது நாளேடுகள் எழுதுகின்றன. நான்கைந்து படித்தவர்கள் கூடி அறிக்கை எழுதினால் பால்மரம் வெட்டுகிறவருக்கு என்ன ஆகப்போகிறது என்று என் பாட்டி கேட்டிருப்பார். சம்பள நாளில் சங்கச் சந்தா கட்டிய ரசீதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தவர் அவர். அந்த ரசீது எங்கிருந்து கிளம்பி வந்தது என்று தேடிப் போனால், கதை லண்டனில் ஒரு வீட்டுக் கூடத்தில் தொடங்குகிறது.

1884 ஜனவரி 4ஆம் தேதி எட்வர்ட் பீஸ் என்பவரின் வீட்டில் ஒரு சிறு கூட்டம் கூடியது. ரோமைத் தாக்க வந்த ஹானிபாலோடு நேருக்கு நேர் மோதாமல், காலம் கடத்திக் கடத்திக் களைக்க வைத்த ரோமானியத் தளபதி ஃபேபியஸின் பெயரை அவர்கள் தங்கள் சங்கத்துக்கு வைத்துக்கொண்டார்கள். ஃபேபியஸைப் போலப் பொறுத்திரு, வேளை வந்ததும் ஓங்கி அடி, அடிக்கத் தவறினால் பொறுத்ததெல்லாம் வீண் என்பது அவர்களுடைய முதல் பிரசுரம் ஒன்றின் முகப்பில் இருந்த வாசகத்தின் சாரம். அதே ஆண்டில் பெர்னார்ட் ஷா சேர்ந்தார். அடுத்த ஆண்டில் சிட்னி வெப்பும் அன்னி பெசன்ட்டும் வந்தார்கள். அடையாறும் பிரம்மஞான சபையும் என்று தமிழர்கள் அறிந்த அதே அன்னி பெசன்ட்தான். 1888இல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றவர், 1889இல் வெளிவந்த ஃபேபியன் கட்டுரைத் தொகுப்பில் ஒரு கட்டுரையும் எழுதினார். பிறகு ஆன்மிகப் பக்கம் போய் 1893இல் இந்தியாவுக்கு வந்தார்.

புரட்சியில் ஃபேபியன்களுக்கு நம்பிக்கை இல்லை. புள்ளிவிவரம் சேர்த்து, துண்டுப் பிரசுரம் அடித்து, எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் அதன் அமைச்சர்கள் காதில் ஓதுவது அவர்கள் வழி. மண்ணில் தண்ணீர் ஊறுவதுபோல அதிகாரத்துக்குள் ஊறிப் போக வேண்டும் என்றார்கள். தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்ளவும் தெரிந்தவர்கள். ஷா 1910இல் வரைந்து கொடுத்த வண்ணக் கண்ணாடிச் சன்னலில் சங்கத்தின் அன்றைய சின்னமாக ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய் இருக்கிறது. அந்த ஓநாயை மறந்துவிடாமல் மேலே படிக்க வேண்டும்.

1894இல் ஓர் உறுப்பினர் இறந்தபோது சங்கத்தின் பணிகளுக்கென்று ஏறத்தாழ 20,000 பவுன் எழுதி வைத்துவிட்டுப் போனார். வேறு ஆட்கள் கையில் கிடைத்திருந்தால் தேர்தலுக்கும் கூட்டத்துக்கும் கரைந்திருக்கும். சிட்னி வெப் அதைக் கொண்டு 1895இல் ஒரு கல்லூரி தொடங்க வழி செய்தார். அதுதான் லண்டன் பொருளியல் பள்ளி. அம்பேத்கர் அங்கே படித்தார். வி.கே. கிருஷ்ண மேனனும், பின்னாளில் இந்தியக் குடியரசுத் தலைவரான கே.ஆர். நாராயணனும் படித்தார்கள். சிங்கப்பூரின் பொருளாதாரத்தைக் கட்டிய கோ கெங் சுவீயும் அங்கே படித்தவர்தான். 1900இல் பிரிட்டிஷ் தொழிற்கட்சியின் முன்னோடி அமைப்பு உருவானபோது ஃபேபியன்கள் உடனிருந்தார்கள். 1918இல் அந்தக் கட்சி ஏற்ற புகழ்பெற்ற நான்காம் விதியை, உற்பத்திச் சாதனங்களுக்குப் பொது உடைமை கோரிய விதியை, எழுதியவர் வெப்.

ஆனால் எங்கள் பக்கத்துக்கு அதிகம் பயன்பட்டவை வெப்பும் அவர் மனைவி பீட்ரிஸும் அச்சிட்டுப் புழக்கத்தில் விட்ட இரண்டு சொற்கள். ஒன்று ‘கூட்டுப் பேரம்’. 1891இல் கூட்டுறவு இயக்கத்தைப் பற்றி எழுதிய நூலில் பீட்ரிஸ் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். அப்போது அவருக்குத் திருமணம் ஆகவில்லை. தொழிலாளி தனித்தனியாக முதலாளியிடம் போய் நிற்காமல் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பேச்சாகப் பேசுவதற்கு அதற்கு முன்பு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இல்லை. இன்னொன்று ‘தேசியக் குறைந்தபட்சம்’. 1897இல் கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதிய நூலில் வந்தது. கூலி, வேலை நேரம், வீடு, சுகாதாரம் ஆகியவற்றில் ஒரு மட்டத்துக்குக் கீழே யாரையும் விடக்கூடாது, அந்த மட்டத்தைச் சட்டமே வகுக்க வேண்டும் என்றார்கள். இந்தச் சொல் சுங்கை சிப்புட்டுக்கு வந்து சேர எத்தனை ஆண்டு ஆனது என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

தொழிற்சங்க வரலாற்றையே எழுதிய இந்த சிட்னி வெப், 1929இல் பாஸ்ஃபீல்டு பிரபு என்ற பட்டத்தோடு பிரிட்டனின் காலனி நாடுகளுக்கான அமைச்சரானார். மறு ஆண்டு எல்லாக் காலனி அரசுகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தொழிற்சங்கம் என்பது சமூக, தொழில் வளர்ச்சியின் இயல்பான, நியாயமான விளைவு, அதற்குச் சட்ட இடம் கொடுங்கள் என்றது அந்தச் சுற்றறிக்கை. ஓர் ஆளுநர் 1930இல் அதைப் படித்துவிட்டு எப்படி முகம் சுளித்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கலாம். மலாயாவில் அப்போது ரப்பர் விலை பாதாளத்தில் கிடந்தது. ஆயிரக்கணக்கான தமிழர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அதே தாளில் இன்னொரு வரியும் இருக்கிறது. கூட்டாகச் செயல்பட்டுப் பழக்கமில்லாத தொழிலாளர்களுக்குப் பரிவான மேற்பார்வையும் வழிகாட்டலும் இல்லையென்றால், அவர்களுடைய சங்கங்கள் அதிருப்தியாளர்களின் கைக்குப் போய்த் தகாத நோக்கங்களுக்குப் பயன்படும் என்று அவர் எச்சரித்தார். இந்த நாட்டுத் தோட்டத் தொழிலாளர் வரலாறு முழுவதையும் அந்த இரண்டு வரிகளை வைத்தே விளக்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் வரி சங்கம் வைக்கக் கதவைத் திறந்தது. எப்படிப்பட்ட சங்கம் அந்தக் கதவு வழியே நுழையலாம் என்பதை இரண்டாம் வரி தீர்மானித்தது. ‘பரிவு’ என்ற சொல்லுக்குக் கங்காணி காலத்திலிருந்து தோட்டத்தில் ஒரு தனி அர்த்தம் உண்டு. நம் ஆட்கள் அதை எளிதில் நம்புவதில்லை.

சுற்றறிக்கை சட்டமாவதற்குப் பத்து ஆண்டுகள் ஆயின. 1940இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. வந்தது ஏட்டில்தான். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழர்கள் வேலையை நிறுத்தினார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் முன்னால் நின்றார். கூலி உயர்வு அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று மட்டுமே. துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். பிள்ளைகளுக்குச் சரியான பள்ளி வேண்டும், மருத்துவ வசதி வேண்டும், கள்ளுக்கடை வேண்டாம், தோட்டத்துப் பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும் என்றார்கள். எந்தச் சிந்தனைக் குழாமும் எழுதிக் கொடுக்காத பட்டியல் அது. அதில் சைக்கிள் கோரிக்கையைப் படிக்கும்போது ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கும். கூலியைக் கணக்குப் போட்டுக் காட்டலாம், இறங்கி நின்றதை எந்தக் கணக்கில் எழுதுவது? ராணுவம் வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

லண்டனில் இதற்குச் சற்று முன்னால், 1940இல், ஃபேபியன் சங்கம் காலனிகளுக்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கியிருந்தது. தலைவர் ஆர்தர் கிரீச் ஜோன்ஸ், தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர். செயலாளர் ரீட்டா ஹிண்டன், தென்னாப்பிரிக்காவில் பிறந்த பொருளியல் அறிஞர். காலனிகளிலிருந்து வரும் கடிதங்களைப் படித்து, நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டிய கேள்விகளைத் தயாரித்து, உறுப்பினர்கள் கையில் கொடுப்பது அவர்களுடைய அன்றாட வேலை. ஆப்பிரிக்காவிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் குறைகள் அங்கே போய்க் குவிந்தன. சங்கத்தின் செல்வாக்கு பெரும்பாலும் இப்படித்தான் இயங்கியது. அறிக்கையைவிட, சரியான நாளில் சரியான ஆள் கேட்ட கேள்விக்கு வலு அதிகம்.

1945 தேர்தலில் தொழிற்கட்சி 393 இடங்களில் வென்றது. வென்றவர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் ஃபேபியன் உறுப்பினர்கள். பிரதமர் அட்லியும் 1907லிருந்து சங்கத்தில் இருந்தவர். 1946இல் கிரீச் ஜோன்ஸ், ஒரு காலத்தில் வெப் இருந்த அதே காலனி அமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். அறுபது ஆண்டுகள் பொறுத்திருந்தவர்களுக்கு ஓங்கி அடிக்கும் வேளை வந்துவிட்டது.

பிரிட்டனில் அவர்கள் அடித்த அடி நன்றாகவே விழுந்தது. 1948 ஜூலை 5ஆம் தேதி தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. ஏழை, பணக்காரர் என்று பாராமல் எல்லாருக்கும் இலவச மருத்துவம். அதற்குப் பத்தொன்பது நாள்களுக்கு முன்னால், ஜூன் 16 காலையில், சுங்கை சிப்புட்டில் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைத் துரைமார்கள் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்த அந்தப் போர் தொடங்கியது எங்கள் ஊரில் என்பதால் உலக வரலாற்று நூல்களில் எங்களுக்கு ஓர் அடிக்குறிப்பு உண்டு.

இந்த இரண்டு தேதிகளும் இவ்வளவு அருகருகே இருப்பது வெறும் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. போரில் ஓட்டாண்டியான பிரிட்டனுக்கு டாலர் தேவைப்பட்டது. அமெரிக்காவுக்கு ரப்பரும் ஈயமும் விற்று டாலர் ஈட்டிக் கொடுத்ததில் மலாயா முன்னணியில் இருந்தது. லண்டனில் மருந்துச் சீட்டு இலவசமாக வேண்டுமானால் இங்கே பால்வாளி நிறைய வேண்டும், அதுவும் தடங்கல் இல்லாமல் நிறைய வேண்டும். 1946, 1947 ஆண்டுகளில் தோட்டங்கள் முழுவதும் வேலைநிறுத்தம் பரவியிருந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் அதன் மையத்தில் இருந்தது, அதற்குள் கம்யூனிஸ்டுகள் வலுவாக இருந்தார்கள். வெப் எச்சரித்த ‘அதிருப்தியாளர்கள்’ இவர்கள்தாம் என்று அதிகாரிகள் முடிவு கட்டினார்கள்.

துரைமார்கள் கொல்லப்படுவதற்கு முன்பே, 1948 மே இறுதியிலேயே, தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பொறுப்புக்கு வருபவருக்கு அந்தத் தொழிலில் குறைந்தது மூன்றாண்டு அனுபவம் வேண்டும், வெவ்வேறு தொழில்களின் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து ஒரே சம்மேளனமாக இருக்கக்கூடாது என்று புதிய விதிகள் வந்தன. ஜூன் மத்தியில் சம்மேளனம் பதிவை இழந்தது. அதன் தலைவர் எஸ்.ஏ. கணபதி, தஞ்சை வட்டாரத்தில் பிறந்த தமிழர், துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு 1949 மே 4ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். நேருவின் அரசு அவர் உயிருக்காக மன்றாடியது. அப்போது லண்டனில் இந்தியத் தூதராக இருந்தவர் கிருஷ்ண மேனன். காலனி அமைச்சர் கிரீச் ஜோன்ஸ். ஒருவர் ஃபேபியன்கள் தொடங்கிய கல்லூரியின் மாணவர், மற்றவர் ஃபேபியன் காலனிப் பிரிவின் முதல் தலைவர். ஒரே புத்தகங்களைப் படித்தவர்கள் மேசைக்கு இரு புறமும் இருந்தும் ஒரு தமிழனின் கழுத்திலிருந்து கயிறு கழலவில்லை.

கம்யூனிஸ்டுகளும் தோட்டத்து ஏழைகளைச் சுட்டிருக்கிறார்கள், மேற்பார்வை பார்த்த மண்டோரையும் கணக்கெழுதிய கிராணியையும் கொன்றிருக்கிறார்கள், பால்மரங்களை வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். லயத்து மக்கள், தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள், இருபுறமும் அடி வாங்கினார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள்.

வழிகாட்டலுக்கென்றே 1945 இறுதியில் ஓர் ஆள் வந்திருந்தார். பிரிட்டிஷ் ரயில்வே தொழிற்சங்கத்தில் இருந்த ஜான் பிரேசியர், தொழிற்சங்க ஆலோசகர் என்ற பதவியில். அரசியலை ஒதுக்கிவிட்டுக் கூலியையும் நிபந்தனைகளையும் மட்டும் பேசும் ‘பொறுப்புள்ள’ சங்கங்களை வளர்ப்பது அவர் வேலை. அந்த நாற்றங்காலில் வளர்ந்த பல சங்கங்கள் 1954இல் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆயிற்று. பொதுச் செயலாளர் பி.பி. நாராயணன். 1975இல் அவர் உலகச் சுதந்திரத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார், ஆசியாவிலிருந்து ஒருவருக்கு அது பெரிய இடம். என் பாட்டியின் ரசீது இந்தச் சங்கத்துடையது.

இந்தச் சங்கத்தைக் கைக்கூலி என்று ஏசுவது இடதுசாரி மேடைகளில் ஒரு வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கிராணி கணக்கில் குறைத்துப் போட்டால் கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தார். வேலையிலிருந்து நிறுத்தினால் வழக்காடச் சங்கம் இருந்தது. முதலாளிமார் சங்கத்தோடு கூட்டு ஒப்பந்தம் போடப்பட்டது, பீட்ரிஸ் வெப்பின் 1891ஆம் ஆண்டுச் சொல் அப்படியே பெரட்டுக் களத்தில் வந்து நின்றது. ஆனால் சம்பளம் ரப்பர் விலையோடும் வெட்டிய பாலின் எடையோடும் கட்டிப் போடப்பட்டே இருந்தது. மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் காசு இல்லை. வானத்தோடு கூட்டுப் பேரம் பேச எந்தச் சங்கத்தாலும் முடியவில்லை.

சுதந்திரத்தை ஒட்டி ஆங்கிலேய முதலாளிகள் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் துண்டு போட்டு மறுவிற்பனை செய்தார்கள். தோட்டத் துண்டாடல் என்று அதற்குப் பெயர். லயத்திலிருந்து குடும்பங்கள் சட்டி பானையோடு வெளியேறின. இதற்கு விடை கண்டவர் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர், எங்கள் தொகுதி உறுப்பினர், அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசி, தொழிலாளர்களிடம் தவணை முறையில் பங்குப் பணம் திரட்டி 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் தொழிலாளர் பணத்தில் வாங்கப்பட்டது. சம்பந்தன் ஃபேபியன் இல்லை, கதர் வேட்டிக் காந்தியவாதி. அவர் செய்ததை ஃபேபியன் கணக்கில் எழுதினால் அது களவு. கூட்டுறவைப் பற்றி பீட்ரிஸ் வெப் எழுதியதைவிட, பத்து வெள்ளியைச் சேலை முந்தியில் முடிந்து வைத்துப் பங்கு கட்டிய பெண்களுக்கு அதைப் பற்றிக் கூடுதலாகத் தெரிந்திருக்கும்.

மேல்தட்டில் ஃபேபியன் வாடை அடித்தவர்களைத் தேடினால் 1949இல் லண்டனில் உருவான மலாயா மாணவர் மன்றத்தில் காணலாம். கோ கெங் சுவீ அதன் தலைவர். பின்னாளில் மலேசியப் பிரதமரான துன் அப்துல் ரசாக்கும் அதில் முன்னணியில் இருந்தார், மாணவராக இருந்தபோது பிரிட்டிஷ் தொழிற்கட்சி உறுப்பினராகவும் இருந்தார். சிங்கப்பூரின் முதல் பிரதமரான லீ குவான் இயூவும் அந்த வட்டத்தில் ஃபேபியன் எழுத்துகளைப் படித்தவர். பிறகு அவர் அவற்றிலிருந்து விலகிப் போனதும், அவர் கட்சி 1976இல் உலக சோஷலிச அமைப்பிலிருந்து வெளியேறியதும் தெரிந்த கதை. மலாக்காவில் ரப்பர்த் தோட்டக் கிராணியின் மகனாகப் பிறந்த தேவன் நாயர் அந்த வட்டத்தோடு பயணம் செய்து சிங்கப்பூரின் அதிபரானார். நிபுணர்கள் வகுத்தால் நாடு நன்றாக நடக்கும் என்ற எண்ணம் இந்தத் தலைமுறைக்கு லண்டனில் ஒட்டியது. அந்த எண்ணம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு வெப் தம்பதியே சாட்சி: 1935இல் ஸ்டாலினின் ரஷ்யாவைப் போற்றி இரண்டு தொகுதி எழுதி, பட்டினிச் சாவைக் காணாமல் போனார்கள்.

சுங்கை சிப்புட்டில் இடதுசாரி என்றால் இப்போது நினைவுக்கு வருபவர் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ். அவருடைய மலேசிய சோஷலிசக் கட்சி 1998இல் தொடங்கப்பட்டது. பதிவு கிடைக்கவே பத்தாண்டு ஆயிற்று. 2008 மார்ச் 8ஆம் தேதி, வேறு கட்சியின் சின்னத்தில் நின்று, 1974லிருந்து இத்தொகுதியை வைத்திருந்த மலேசிய இந்தியக் காங்கிரஸ் தலைவர் சாமிவேலுவை அவர் தோற்கடித்தார். அந்தக் கட்சியின் வழி அமைச்சர் காதில் ஓதும் வழி இல்லை. லயத்து வாசலில் கூட்டம், நில அலுவலகத்தின் முன்னால் மறியல், கையெழுத்து வேட்டை. ஆனால் அவர்கள் பல ஆண்டு தூக்கிப் பிடித்த கோரிக்கைகளில் ஒன்று வெப் தம்பதியின் 1897ஆம் ஆண்டுக் கோரிக்கைதான்: சட்டம் வகுக்கும் குறைந்தபட்சச் சம்பளம்.

அது 2013 ஜனவரி 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட். நூல் வெளிவந்து 116 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2025 பிப்ரவரியில் அது 1,700 ஆனது. இதற்குள் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. தமிழர்கள் பெரும்பாலோர் பட்டணத்துக் குடியிருப்புப் பகுதிகளான தாமான்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டார்கள். விடியற்காலையில் பெரட்டுக்கு நிற்பவர்கள் இப்போது இந்தோனேசியர்களும் வங்கதேசத்தவர்களும். சட்டம் அவர்களுக்கும் பொருந்தும். சம்பளச் சீட்டில் எதற்கு எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று கேட்க, மொழி தெரிந்த யாரையாவது தேடி, ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் எங்கள் கடைத்தெருவுக்கு வருகிறார்கள்.